பின் சீட்டின் எடை

அந்த வருஷம் வௌவால்கள் சுரங்கத்துக்குள் போகவில்லை. அக்டோபர் கடைசியில் கூட்டம் கூட்டமாக வந்து உள்ளே தொங்கி, மார்ச் வரை தூங்கிவிட்டுப் போவது அவற்றின் வழக்கம். அந்தத் தூக்கம் கெடக்கூடாது என்று குளிர்காலம் முழுக்கச் சுரங்கத்தின் இரண்டு வாயையும் இரும்புக் கதவால் மூடிவைப்பது ஊராட்சியின் வழக்கம். இப்போது அவை வாசலுக்கு எதிரே நின்ற ஓக் மரத்தில், இலை உதிர்ந்த கிளைகளில், குளிரில் நடுங்கியபடி தொங்கின. எல்லாம் சுரங்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் கிளோவிஸுக்குத் தோன்றியது. தலைகீழாகத் தொங்கும் பிராணி எதைப் பார்க்கிறது என்று யாரால் சொல்ல முடியும் என்று அவர் தன்னையே தேற்றிக்கொண்டார்.

"உள்ள இடமில்லையோ என்னமோ," என்றான் ஒனோரே, சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே. ஊராட்சியில் புல் வெட்டுவது, விளக்கு மாட்டுவது, கதவு பூட்டுவது எல்லாம் அவன் ஒருவன்தான். "மலை மேல சுத்திப் போயிடுங்களேன், பெரியவரே. உள்ள விளக்கையெல்லாம் காலையிலேயே நிறுத்திட்டேன்."

"மலையா?" என்றாள் இரட்டைச் சைக்கிளின் பின் சீட்டில் இருந்த அவர் மனைவி அர்மேல். "மத்தியானம் சாப்பிட்ட வாத்து இன்னும் தொண்டையிலயே நிக்குது. நான் ஏற மாட்டேன்."

"நீ எப்ப ஏறின? நான்தானே உன்னையும் சேத்து ஏத்தறேன்."

"கேட்டுக்கோ ஒனோரே. கிழவனுக்கு முப்பது வருஷமா இதே பாட்டுதான்."

ஒனோரே சிரித்தான். "சரி, சட்டுனு போங்க. இந்தப் பக்கம் பூட்டிட்டு வேன்ல மலையைச் சுத்தி அந்தப் பக்கம் வந்துடறேன். நீங்க வெளிய வந்ததும் அதையும் பூட்டிடுவேன். அப்புறம் மார்ச்சுலதான் தொறப்பேன். உள்ளயே தங்கிடாதீங்க."

தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டுத் தார் போட்டு, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் என்று விட்ட பாதை அது. ரயில் நின்றது, கார் வர அனுமதி இல்லை, மாடுகளும் வேலிக்கு அந்தப் பக்கம்தான். கார் சத்தமே இல்லாத பாதை என்பதால் அர்மேலுக்கு அதன் மேல் உயிர். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தங்கள் இரட்டைச் சைக்கிளில் அவர்கள் அதில் போய்வருவார்கள். முன் சீட்டில் கிளோவிஸ்: ஹேண்டில்பார், பிரேக், பொறுப்பு எல்லாம் அவருக்கு. பின் சீட்டில் அர்மேல்: பேச்சு, மிட்டாய், இயற்கைக் காட்சி எல்லாம் அவளுக்கு. இருவரின் பெடல்களையும் ஒரே செயின் பிணைத்திருந்தது. ஒருவர் கால் சுற்றினால் மற்றவர் காலும் சுற்றியே ஆகவேண்டும். அதனால் பின்னால் இருப்பவர் மிதிக்கிறாரா, காலை வைத்துக்கொண்டு சும்மா வருகிறாரா என்பது முன்னால் இருப்பவருக்கு மட்டுமே தெரியும் ரகசியம். கிளோவிஸுக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வருஷம் கசாப்புக்கடை நடத்தியவர். ஆட்டுத்தொடையைக் கையில் வாங்கினாலே எடை சொல்வார். எலும்பு எவ்வளவு, சதை எவ்வளவு என்றும் சொல்வார்.

உள்ளே நுழைந்ததும் பின்னால் கதவு சாத்தும் ஓசை கேட்டது. அது சுவர்களில் மோதி, அவர்களைத் தாண்டி முன்னால் ஓடி, எங்கோ தொலைவில் நின்றது. சைக்கிள் விளக்கின் மஞ்சள் வட்டம் ஈரக் கருங்கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. பழைய கரிப்புகை வாசனையும் பூஞ்சை வாசனையும் இருந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை, அது கிளோவிஸுக்குத் தெரிந்த வாசனை, இரவு முழுக்க மூடிவைத்த குளிர் அறையைக் காலையில் திறக்கும்போது முதலில் முகத்தில் அடிக்குமே, அது. ரயில் போன காலத்தில் ஆட்கள் ஒதுங்கி நிற்பதற்காகச் சுவரில் குடைந்த மாடங்கள் வரிசையாக வந்துபோயின. வெளிச்சம் தொடும்போது ஒவ்வொரு மாடமும் காலியாகத்தான் இருந்தது. வெளிச்சம் தாண்டிய பிறகு எப்படி இருந்தது என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதி வழியில் எதுவோ டணார் என்று விழுந்து உருண்டது.

"என் தண்ணி பாட்டில்! நில்லு, நில்லு!"

"விடு, வேற வாங்கிக்கலாம்."

"என் தங்கச்சி குடுத்தது. நீ வாங்கிக் குடுத்ததா இருந்தா விட்டுடலாம்."

கிளோவிஸ் நிறுத்தினார். அவள் இறங்கியதும் வண்டி மூச்சுவிட்டு எழும்பியது. போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, மஞ்சள் மழைச்சட்டை சரசரக்க, அவள் முணுமுணுத்தபடி பின்னால் நடந்துபோனாள். வண்டி சாயாமல் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் இருந்த இருட்டைப் பார்த்து நின்றார். காலடி ஓசை தேய்ந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. பிறகு அதுவும் நின்றது.

பின் சீட் தாழ்ந்தது.

"ஏறிட்டியா, மகாராணி?"

பதிலாக முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. போகலாம் என்பதற்கு அர்மேல் எப்போதும் அப்படித்தான் தட்டுவாள். அவர் காலைப் பெடலின் தோல் வாருக்குள் நுழைத்து, வாரை இறுக்கி, உந்தினார்.

பெடல் பஞ்சு மாதிரி சுற்றியது.

முப்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு அலுத்த வரம் அது. அவர் மகிழ்ந்திருக்க வேண்டும். "அடேயப்பா," என்றார். "வாத்து வேலை செய்யுது போலிருக்கே!"

சிரிப்பு இல்லை. திட்டும் இல்லை. மிட்டாய்க் காகிதம் பிரியும் ஓசை இல்லை. மூச்சு வாங்கும் ஓசைகூட இல்லை. இவ்வளவு வேகமாக மிதிக்கும் அறுபத்துமூன்று வயதுப் பெண்ணுக்கு மூச்சு வாங்க வேண்டும். கிளோவிஸ் தன் முதுகாலும் இடுப்பாலும் அந்த எடையைக் கவனிக்கத் தொடங்கினார். வேண்டாம் என்று நினைத்தாலும் கவனித்தார். தொழில் அப்படிப் பழக்கியிருந்தது. வளைவில் வண்டி சாயும்போது அந்த எடை அதோடு சேர்ந்து சாயவில்லை. கொஞ்சம் பொறுத்து, தானாக ஒரு பக்கம் வழிந்து, பிறகு நிமிர்ந்தது. அர்மேலைவிடக் கூடவும் இல்லை, குறைவும் இல்லை.

எலும்புதான் இல்லை.

அப்போது குரல் கேட்டது.

"யோவ் கிழவா! என்னை விட்டுட்டு எங்க போற?"

எதிரொலி என்று நினைத்தார். எதிரொலியாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். ஆனால் அந்தக் குரல் முதுகை ஒட்டி வரவில்லை. வெகு தூரத்தில் இருந்து, சுரங்கத்தின் நடுவில் இருந்து, பாட்டில் விழுந்த இடத்தில் இருந்து வந்தது.

"கிளோவிஸ்! விளையாடாதே! இங்க யாரோ..."

அவர் பிரேக்கை அழுத்தினார். சக்கரம் கிறீச்சிட்டது. ரப்பர் கருகும் நாற்றம் எழுந்தது. வண்டி தயங்கியது. பின்னால் இருந்தது ஒரு மிதி மிதித்தது. பிரேக்கையும் மீறி வண்டி போனது. பெடல் அவர் கால்களைத் தூக்கியது, இறக்கியது, தூக்கியது. வார் இறுகியிருந்தது. குனிந்து அவிழ்க்கப் பார்த்தார். கழுத்தின் பின்னால் குளிர்ந்த ஒன்று படிந்து, அவரை நிமிர்த்தி உட்காரவைத்தது. பிள்ளையை நிமிர்த்துவதுபோல. மெதுவாக.

எதிரே சாம்பல் நிறத்தில் வெளிச்சம். வாசல்.

ஒனோரே இருக்கிறான். அவனிடம் சொல்லிவிட வேண்டும். அர்மேல் உள்ளே இருக்கிறாள், பூட்டாதே. அவ்வளவுதான். நாலு வார்த்தை. வாயில் தயாராக வைத்துக்கொண்டார்.

வெளியே வந்தார்கள். அந்தி. வேன் உறுமிக்கொண்டு நின்றது. வௌவாலுக்குத் தொந்தரவு என்று அவன் விளக்கை அணைத்துவைத்திருந்தான். கதவில் ஒரு கையும் சாவியில் ஒரு கண்ணுமாக, அரையிருட்டில் தொப்பியை மட்டும் தூக்கினான்.

"அட, அர்மேலம்மா! ஒரு வழியா மிதிக்கறீங்க போல!"

கிளோவிஸ் வாயைத் திறந்தார். கழுத்தில் இருந்தது முன்னால் வந்து தொண்டையை மூடியது. விரல்கள்தான். வளையக்கூடாத இடத்தில் எல்லாம் வளைந்த விரல்கள்.

அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து அர்மேலின் குரல் பேசியது. அதே குரல். மிட்டாய் ஒதுக்கிய வாயால் பேசுவதுபோல.

"நல்லா இறுக்கிப் பூட்டு, ஒனோரே."

"அதெல்லாம் பாத்துக்கறேன். குளிருது, பத்திரமா போங்க!"

கதவைச் சாத்தினான். பூட்டு விழுந்தது. வேன் திரும்பி மலைப்பாதையில் ஏறியது. கார் வராத பாதையில் உதவிக்கும் கார் வராது.

சுரங்கத்தைத் தாண்டியதும் பாதை மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிப் பெரிய அரைவட்டமாகத் திரும்புகிறது. கழுத்தைத் திருப்ப முடியாதவர்கூட அங்கே கண்ணை மட்டும் திருப்பினால் சுரங்க வாசலைப் பார்க்கலாம். கிளோவிஸ் கண்ணைத் திருப்பினார். கதவின் மேல் பக்கத்தில், வௌவால்கள் போய்வர விட்ட பிளவு. அதில் ஒரு கை. அர்மேலின் மஞ்சள் மழைச்சட்டைக் கை. முழங்கை வரை வெளியே நீட்டி, இரும்பை அறைந்துகொண்டிருந்தது. இங்கே சத்தம் கேட்கவில்லை.

அறைவது நின்றது. கை உள்ளே போனது. வெடுக்கென்று இழுத்த வேகத்தில் இல்லை. நிதானமாக, விரல் விரலாக.

பிளவு காலியாக இருந்தது.

பிறகு வேறொரு கை வெளியே வந்தது. வெளுப்பாக. நீளமாக. வந்துகொண்டே இருந்தது. முழங்கை இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டியும் வந்தது. காற்றில் தொய்ந்து, நிமிர்ந்து, ஊருக்குப் போகிறவர்களை வழியனுப்புவதுபோல இப்படியும் அப்படியும் ஆடியது.

வண்டி லேசாகக் குலுங்கியது. பின் சீட்டில் இருந்தது கையைத் தூக்கிப் பதிலுக்கு ஆட்டியது.