பச்சை தீட்டிய பள்ளம்

துணி வெள்ளையாகவே திரும்பி வந்தது!

கால்நடை மருத்துவர் செந்தாமரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழியில் கட்டிய அந்தக் கம்பளித் துணியைச் சருகின்மேல் இழுத்துக்கொண்டு நடந்தால், ஏதோ விலங்கு வருகிறதென்று உண்ணிகள் தாவித் தொற்றிக்கொள்ளும். அனுமந்தராயன் கோயிலைச் சுற்றிக் காலையிலிருந்து இழுத்தாயிற்று. ஒட்டியவை வெறும் சருகுத் துணுக்குகள்.

“எப்படி டாக்டர்?” ரஃபீக் மடிக்கணினியைத் திறந்து காட்டினான். “செத்த குரங்கு அத்தனையும் இந்தக் கோயிலடியிலதான். மேப்புல இந்த எடம் செவந்து கெடக்குது, பாருங்க!”

குரங்குக் காய்ச்சல் எந்தப் பக்கம் பரவக்கூடும் என்று கல்லூசி மலை முழுவதற்கும் நிறம் தீட்டிய வரைபடக்காரன் அவன். சிவப்பென்றால் போகாதே; பச்சையென்றால் பயமில்லை. கோயிலூர் ஆள் ஒருவர் அந்தக் காய்ச்சலோடு ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

கோயிலுக்குப் பின்னால் வரிசையாகச் சிறு மண்மேடுகள். ஒவ்வொன்றின்மேலும் காய்ந்த துளசிமாலை. செந்தாமரையின் புருவம் நெரிந்தது.

“பூசாரி! குரங்குக இங்கயேதான் செத்ததா?”

பூசாரி சென்றாயன் சிரித்துவிட்டார். “ஏனுங்க டாக்டரம்மா, அனுமாரு செத்தா அப்பிடியே போட்டுட்டு வருவமுங்களா? தொட்டில் கட்டித் தூக்கியாந்து, சந்தனம் பூசி, மாலை போட்டு, சாமிக்குப் பக்கத்துலதானுங்க அடக்கம் பண்ணுவோம். அந்தக் காய்ச்சல்காரனும் தொட்டில் தூக்குனவந்தான்.”

“அப்போ செத்தது எங்கே?”

“நரிப்பள்ளத்துலங்க. ஓடைக்கரையில. எல்லாமே அங்கிருந்து வந்ததுதான்.”

அவர்களோடு வந்திருந்த வனக்காவலர் நஞ்சன் பதறி முன்னால் வந்தார்.

“நரிப்பள்ளமா? சார், அது பச்சைன்னீங்களே! சீமாறுப்புல் அறுக்கற கூட்டத்த அங்க போய்க் கூடாரம் போடச் சொல்லி நாந்தானே காலையில அனுப்பினேன்! என்ற பொண்டாட்டி மாசாணியும் போயிருக்கறா, சார்!”

ரஃபீக் மடிக்கணினியை மூடித் தோள்பைக்குள் திணித்தான். குரங்கைப் புதைத்த இடத்தைச் செத்த இடமென்று குறித்திருக்கிறான்! குரங்கு செத்து விழுந்த இடத்தில்தான் அதன் உண்ணிகள் கழன்று சருகுக்குள் இறங்கும். நோயைச் சுமந்தபடி அடுத்த ரத்தத்துக்குக் காத்துக் கிடக்கும். அந்தச் சருகின்மேல்தான் இன்று பாய் விரியப்போகிறது.

“போன்?”

“அங்க டவர் எடுக்காதுங்க.”

“அப்போ கால்தான். கெளம்புங்க!” என்றாள் செந்தாமரை.

துடைப்பப் புல் அறுக்கும் அவர்கள் சட்டிபானை சுமந்து வண்டித்தடத்தில் சுற்றிப் போவார்கள். இவர்கள் செங்குத்துச் சரிவில் குறுக்கே இறங்கினார்கள். முள் கிழித்தது. கல் உருண்டது. காலுறைக்குள் செருகிய பேண்ட்டும் பூசிய உண்ணி விரட்டி எண்ணெயும் வியர்வையில் ஊறின. நஞ்சன் முன்னால் கிட்டத்தட்ட உருண்டுகொண்டே போனார்.

ஓடை கண்ணுக்குத் தெரிந்ததும் அவர் கை சட்டென்று உயர்ந்தது.

“அசையாதீங்க!”

ஓடையைக் கடக்கும் துறையில் யானை! அதன் காலுக்கிடையில் குட்டி ஒன்று தண்ணீர் பீய்ச்சி விளையாடியது. அக்கரையில் மூங்கிலுக்கு அப்பால் பெண்களின் பேச்சுக்குரல். கூட்டம் வந்து சேர்ந்துவிட்டது!

“கூப்பிட்டுருவமா?” ரஃபீக் கிசுகிசுத்தான்.

“கூப்பிட்டா தாய் மெரண்டு அவங்க பக்கமே பாயும்.”

“கூப்பிடலைன்னா பாய விரிச்சுருவாங்கண்ணா!”

நஞ்சன் ஒரு பிடி மண்ணை எடுத்து நழுவவிட்டார். தூசு இவர்கள் பக்கமே பறந்தது. “காத்து நம்ம பக்கம், ஆனைக்கு நம்ம வாடை போகாது. மேல போயிப் பாறை பாறையாத் தாவீருவோம். சத்தம் கூடாது.”

பாசி படர்ந்த பாறைகள். நஞ்சன் தாவினார். செந்தாமரை தாவினாள். ரஃபீக் வழுக்கினான்! அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். தோள்பை மட்டும் நழுவி வெள்ளத்தில் விழுந்தது. கீழே யானை காதை விரித்து நின்றது. மூவரும் மூச்சை அடக்கினார்கள். மெல்ல அது அமைதியாகி மறுபடி காதை ஆட்டியது.

“உன் கம்ப்யூட்டர்…”

“போகட்டும் டாக்டர். அதுல இருந்தது தப்புத்தானே!”

அவர்கள் மூங்கிலை விலக்கி ஓடியபோது அடுப்புக்குக் கல் கூட்டியாகிவிட்டது. மேஸ்திரி பொம்மராயன் சருகின்மேல் துண்டை விரித்துப் படுத்தே விட்டார்.

“எந்திரிங்க! எல்லாரும் அந்த மொட்டைப் பாறைக்குப் போங்க! இது குரங்கு செத்த எடம்!” என்றார் நஞ்சன்.

மேஸ்திரி அசையவில்லை. “காலையில பச்சைன்னீங்க, இப்பச் செவப்புங்கறீங்க. பொழுது சாஞ்சா என்ன நெறமுங்க?”

பெண்கள் சிரித்தார்கள். செந்தாமரை சுமந்து வந்த கழியை எடுத்தாள். துணியை விரித்து, அவர் தலைமாட்டை ஒட்டிச் சில அடி இழுத்துத் தூக்கிக் காட்டினாள்.

எள்ளை வாரி இறைத்தாற்போல் இருந்தது. எள் நகர்ந்தது!

மேஸ்திரி துள்ளிக் குதித்த வேகத்தில் துண்டு அங்கேயே கிடந்தது. எல்லோரும் பாறையில் ஏறித் துணியை உதறி, ஒருவர் தலையை ஒருவர் கோதிப் பார்த்தார்கள். மாசாணியின் பிடரியில் ஒன்று அகப்பட்டது. செந்தாமரை இடுக்கியால் பிடுங்கினாள்.

“கடிச்சுருச்சுங்களா?”

“கடிச்சிருக்கும்மா. ஒரு வாரத்துக்கு மேல பாக்கணும். காய்ச்சல் வந்தா ஒடனே ஆஸ்பத்திரி.”

“இதுக்குத்தான் இப்பிடி ஓடியாந்தயா?” என்று மாசாணி கணவனைச் சீண்டினாள். நஞ்சனுக்குச் சிரிப்பு வரவில்லை.

கூட்டம் மரமில்லாத ஒரு மேட்டுக்கு இடம் மாறியது. செந்தாமரை தினமும் ஏறிப்போய் மாசாணியின் சூடு பார்த்தாள். நஞ்சன் அவள் கையில் இருந்த வெப்பமானியைவிட அவள் முகத்தையே பார்த்தார். நாட்கள் நகர்ந்தன. காய்ச்சல் வரவில்லை! யாருக்கும் வரவில்லை!

சீமாறுக் கட்டுகளோடு கூட்டம் இறங்கிய அன்று கோயிலூரே தடத்தில் வந்து நின்றது. சென்றாயன் செந்தாமரைக்கு வாக்குக் கொடுத்தார்: “மாலை போடறத வுடமாட்டமுங்க. ஆனா இனி உங்களக் கூப்பிடாமத் தொட்டில் கட்டமாட்டோம்.”

ரஃபீக் புது வரைபடத்தைச் சுவரில் ஒட்டினான். நரிப்பள்ளம் சிவந்திருந்தது. மாசாணி அதை உற்றுப் பார்த்தாள்.

“ஏனுங்க தம்பி, அடுத்த புல்லுக்குப் புலிக்கல்லுப் பக்கம் போலாம்னு இருக்கறோம். பச்சையாத்தான இருக்குது?”

ரஃபீக் சுவரைப் பார்க்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த துணிக்கழியையும் காலணியையும் எடுத்தான்.

“இருங்கக்கா. நடந்து பாத்துட்டு வந்து சொல்றேன்.”