பெரிய சுறா

இரும்புலியூர் தண்டவாளத்தில் மின்சார ரயில் ஊளையிட்டுக்கொண்டே போனது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது, அலமாரிக் கண்ணாடி கிணுகிணுத்தது, ஆரோன் மடியில் கிடந்த கைக்குழந்தை மட்டும் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“பார்த்தியா? எதுக்கும் அலட்டிக்க மாட்டான். என் ரத்தம்!” என்றார் ஆரோன்.

ஆரோன் சுற்றுச்சூழல் ஆலோசகர். அதாவது, அழுக்கை ஊற்றுகிறவர்களுக்குச் சுத்தமான வார்த்தைகள் விற்பவர். விளக்குக் கம்பெனி ஒன்று பாதரசக் கழிவைச் சதுப்பு நிலத்தில் கொட்டியபோது கோட்டும் சூட்டுமாய் மேடையேறி, “கடல் ரொம்பப் பெருசு சார், கரைஞ்சு காணாமப் போயிடும்” என்று அருள்வாக்கு சொன்னவர்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு கொடுப்பது வழக்கம். அவர் மனைவி ஜோவிதாவுக்கோ, மசக்கை தீர்ந்த நாளிலிருந்தே சுறாதான். அதிலும் குட்டிச் சுறா வாங்கினால் கௌரவம் என்னாவது?

“சின்னது எடு சார், புட்டுக்குப் பூவாட்டம் உதிரும்” என்பாள் மீன்காரி காந்தா.

“கூடையிலயே பெருசு எதுவோ, அதைக் குடு.”

“உட்டா திமிங்கிலமே கேப்பே போலகீது!”

அடுக்களையில் பூண்டும் சுறாவும் வதங்கும் வாடை. திடீரென்று தட்டு விழுந்த சத்தம் வீட்டையே உலுக்கியது.

“விரலெல்லாம் மரத்துப் போகுதுங்க. ஒரு வாரமா இப்படித்தான்” என்றாள் ஜோவிதா.

குழந்தை அசையவில்லை.

ஆரோன் விழுந்த தட்டைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். சேற்றுக்குப் போன பாதரசம் கரையாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைச் சதையில் தங்கும் விஷமாக்கும். அந்தச் சேற்றைப் புழு தின்னும், புழுவை இறால் தின்னும், இறாலை மீன் தின்னும், கழிமுகம் தாண்டிக் கடலில் அந்த மீனைச் சுறா தின்னும். வாய்க்கு வாய் விஷம் ஏறும். பெரிய சுறாவில்தான் அதிகம். எல்லாம் அவர் படித்ததுதான். மேடையில் திரையில் காட்டிய படங்களில், இந்தச் சங்கிலியை வரைந்த படத்தை மட்டும் அவசரமாகத் தள்ளிவிட்டிருந்தார்.

சுறாவைத் தின்பது யாரென்று படத்தில் இல்லை.

குழந்தையின் காதருகே சொடக்குப் போட்டார். இல்லை. இன்னொரு முறை. இல்லை.

“பசியா இருக்கும், குடுங்க.” ஜோவிதா வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்றால், மேடை. கோட்டு. கம்பெனி.

வாயை மூடிக்கொண்டார். அதில் அவர் தேர்ந்தவர்.

மடக். மடக். குழந்தை விழுங்கும் சத்தம்.

உதட்டோரம் வழிந்த ஒரு சொட்டு தரையில் விழுந்தது. பரவவில்லை. குண்டுமணியாய்த் திரண்டு உருண்டது. வெள்ளியாய் மின்னியது. இன்னொரு சொட்டு உருண்டு வந்து அதோடு சேர்ந்தது. இன்னொன்று.

குழந்தை கண் சிமிட்டாமல் குடித்துக்கொண்டே இருந்தது.