ஆம்பல் மூடிய குடம்

செடிகள் தப்பான பக்கம் சாய்ந்திருந்தன.

அன்புச்செல்வி துடைத்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டு மீன்தொட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். மோட்டார் இடது மூலையிலிருந்து தண்ணீரைத் தள்ளியது. ஜன்னல் வலது பக்கம். நீரோட்டத்துக்கு வளைந்தாலும் வெளிச்சத்துக்கு வளைந்தாலும் அவை வலப்பக்கம்தான் சாய்ந்திருக்க வேண்டும். ஆனால் நாடாவைப் போல நீண்ட இலைகளும், பின்வரிசையில் அவள் தண்டு தண்டாக மணலில் ஊன்றிய வேலம்பாசியும், முன்பக்கக் கண்ணாடியில் நுனிகள் அழுந்தும் அளவுக்குக் கூடத்தை நோக்கி வளைந்திருந்தன. அந்தத் திசையில் பிரம்பு நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் அவள் கணவன் சக்கரபாணி பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி பாக்கற?" என்றான். "கொழம்புல போட்டாகூட ருசிக்காத மீனு. அதுக்கு இவ்ளோ சோடனை."

அவள் சிரித்தாள். அவன் ஏதாவது சொன்னால் சிரித்துவிடுவது நல்லது. சாதம் குழைந்துபோன அன்று அவன் அவள் பிடரியில் உள்ளங்கையை வைத்து, தட்டிலிருந்து எழும் ஆவி கண்ணைச் சுடும்வரை மெல்ல அழுத்தினான். விளையாட்டுக்கு என்றான். கையை எடுத்த பிறகும் அதன் சூடு வெகுநேரம் அங்கேயே இருந்தது.

முதல் மனைவி சந்திரகலா ஆஸ்பத்திரியில், காய்ச்சலில் செத்துப்போனதாகச் சொல்லித்தான் அவளை இரண்டாந்தாரமாகக் கட்டியிருந்தார்கள். வேங்கிக்காலில் புது வீடு. வடகிழக்கு மூலையில் மீன் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்ல, அவன் மூன்றடித் தொட்டி ஒன்றை வாங்கி வைத்தான். அதோடு அவன் வேலை முடிந்தது. விலங்கியல் படித்த அவளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு கிடைத்த முதல் சந்தோஷம் அதுதான். அடியில் செம்மண் பரப்பினாள். கலங்கல் போகும்வரை அலசிய ஆற்றுமணலை அதன்மேல் சரிவாகப் போட்டாள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், மீன் தாங்காது. மீனின் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஏற்கெனவே வாழ்கிற பழைய தண்ணீராக இருந்தால் நல்லது. வீட்டுக்குப் பின்னால், கணவன் வீட்டாரின் தரிசு நிலத்தில், யாரும் இறைக்காத ஒரு படிக்கிணறு இருந்தது. தண்ணீர் தெரியாத அளவுக்கு ஆம்பல். அவன் வேலைக்குப் போயிருந்த பகல்களில் அங்கிருந்தே செடிகளைப் பிடுங்கி வந்தாள். அங்கிருந்தே குடம் குடமாகத் தண்ணீரும் கொண்டுவந்து ஊற்றினாள்.

சக்கரபாணி பேப்பரை மடித்துவிட்டுப் படுக்கையறைக்குப் போனான். அவள் துணியை அலசிவிட்டு வந்தாள். எல்லா இலைகளும் படுக்கையறைக் கதவின் பக்கம் திரும்பியிருந்தன. கப்பி மீன்கள் எதிர்மூலையில், ஒன்றன்மேல் ஒன்றாக, அசையாமல்.

அவள் தனியாக இருக்கும் பகல்களில் வீடு சாதாரணமாகத்தான் இருந்தது. குக்கர் சத்தம், பக்கத்து மனையில் ஜல்லி கொட்டும் லாரி, ஜன்னல் நிறைய மலை. சாயங்காலம் டிராக்டர் கடையிலிருந்து அவன் பைக் வந்து வாசலில் நின்றதும், மோட்டாரின் சீரான முனகல் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டது போலத் தணிந்துவிடும். பாசி வாடையோடு அரைத்த மஞ்சளின் வாசனையும் கலந்து கூடம் முழுக்கப் பரவும். நனைந்த புடவையை முறுக்கிப் பிழிவது போன்ற ஒரு சத்தம் தொட்டிக்குள்ளிருந்து, நின்று நின்று, கேட்டுக்கொண்டே இருக்கும். அவனுக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. ஆனால் நாற்காலியைத் தினமும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

பௌர்ணமிக்கு மலை சுற்ற மாமியார் வெள்ளையம்மாள் கிராமத்திலிருந்து வந்தாள்.

"டிகிரி படிச்சவ மீனுக்குத் தோட்டம் போட்டுக்கீறா பாரு" என்று சிரித்துக்கொண்டே தொட்டிக்குக் கிட்டே வந்தவள், மேலே மலர்ந்திருந்த ஆம்பலைப் பார்த்ததும் நின்றாள்.

"ஏதுடி இந்தத் தண்ணி?"

"பின்னால கெணத்துலேர்ந்து, அத்தை."

"எதுல மொண்டாந்த?"

"குடத்துல."

"குடத்துமேல இன்னா போட்ட?"

"ஆம்பப்பூ. சிந்தாம இருக்கட்டும்னு."

"வர வழியில யார்கிட்டயாவது பேசினியா?"

"இல்ல அத்தை. எனக்கு இங்க யாரத் தெரியும்?"

வெள்ளையம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பூவாடைக்காரி" என்றாள், குரலே இல்லாமல்.

அன்புச்செல்விக்கு அந்தப் பெயர் தெரியும். அவள் பிறந்த வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு. சுமங்கலியாகச் செத்த பெண்ணை, வீட்டில் ஒரு கல்யாணம் வரும்போது, நீர்க்கரைக்குப் போய் அழைப்பார்கள். குடத்தில் தண்ணீர் மொண்டு, பூவால் மூடி, யாரிடமும் பேசாமல் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அந்தத் தண்ணீரில் அவள் வருவாள். வந்தவளிடம் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். கேட்டதைக் கொடுப்பார்கள்.

"அவங்க கெணத்துலயா செத்தாங்க, அத்தை?"

வெள்ளையம்மாள் வாசலைப் பார்த்தாள். சக்கரபாணி நின்றிருந்தான்.

"அப்பவே சொன்னேன், முறையா அழைச்சு ஒரு புடவ வெச்சுடுடான்னு. வந்தா இன்னா கேப்பாளோன்னு பயந்துக்கினு உட்டுட்ட. இப்ப இவ கூப்ட்டு வீட்டுக்குள்ளயே வெச்சுட்டா."

"வாய மூடும்மா."

வெள்ளையம்மாள் மலை சுற்றவில்லை. பையை எடுத்துக்கொண்டு, வந்த வழியே பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போனது. மோட்டார் நின்றது. நீரோட்டமே இல்லாத தண்ணீரில் இலைகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

"நான் செங்கத்துக்கு, எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரட்டுமாங்க?" என்று கேட்டாள். ரொம்ப நேரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

அவன் பின்னால் வந்து நின்றான். பிடரியில் உள்ளங்கை. அது அவளைத் தொட்டிக்கு நகர்த்தியது.

"அவளும் இதத்தான் கேட்டா. அம்மா வீட்டுக்குப் போறேன்னு. நான்தான் கெணத்தாண்ட கூட்டினு போனேன்." அவன் குரல் சாதாரணமாக இருந்தது. "அப்பறம் எங்கயும் போவல."

கை அழுத்தியது. தண்ணீர் அவள் மூக்கு நுனியைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது, உடம்பைப் போல. கத்த வரவில்லை. வேறு யாரைக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

"அக்கா" என்றாள் தண்ணீரிடம்.

இலைகள் விலகின. அவள் முகத்துக்கு வழிவிட்டு, கன்னத்தில் படாமல், காதோரமாக மேலே ஏறின. அவள் தலையைத் தாண்டிப் போயின.

அவன் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினான். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு.

"கொட்டணும். இத இப்பவே கொட்டணும்."

நிரம்பிய தொட்டியை நகர்த்தினால் கண்ணாடியின் ஒட்டு விட்டுப்போகும். அது அவனுக்கும் தெரியும். டீசல் இறக்கும் டியூபைக் கொண்டுவந்து ஒரு முனையைத் தண்ணீரில் விட்டான். வாளியை இழுத்துப்போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தான். மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான். கடையில் தினமும் செய்கிற வேலை. தண்ணீர் உதட்டுக்கு வந்ததும் டியூபை எடுத்து வாளிக்குள் விட வேண்டும்.

தண்ணீர் வந்தது.

அவன் எடுக்கவில்லை.

இரண்டு கையாலும் டியூபைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. உதடுகள் அதைச் சுற்றி இறுகியிருந்தன. கண்கள் அவளைத் தேடின. கெஞ்சின.

அவள் ஓரடி முன்னால் வைத்தாள். பிடரியில் சூடு இன்னும் இருந்தது.

நின்றாள்.

தொட்டியில் தண்ணீர் ஒரு விரல் இறங்கியது. இன்னொரு விரல். வாளி உலர்ந்தே இருந்தது. அவன் தொண்டை ஏறி இறங்கியது. குதிகால் தரையைத் தேய்த்தது. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துச் சுவரில் பட்டது.

அவள் சமையலறைக்குப் போய்ச் சொம்பை எடுத்து வந்தாள். ஆழம் குறையக் குறையத் துடித்த மீன்களை ஒவ்வொன்றாக மொண்டு எடுத்தாள். அவசரப்படவில்லை.

மணல் தெரிந்தது. செடிகள் அதன்மேல் படுத்தன. பிழிந்துபோட்ட கூந்தலைப் போல, எல்லா நுனியும் டியூபை நோக்கி.

கடைசித் தண்ணீர் உறிஞ்சும் ஓசையோடு போனது. தொட்டி காலி.

டியூபில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தொண்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.