நாலாவது புள்ளி

வீட்டில் இருப்பதோ மூன்று பேர். திரையில் நான்கு புள்ளிகள்.

தீப்பிடித்தால் யார் எந்த வழியாகத் தப்புவார்கள் என்று ஆளுக்கொரு புள்ளி வைத்துக் கணக்கிடும் நிரல் அது; ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் எழுதியது. லட்சக்கணக்கான வரிகள்; எழுதிய புண்ணியவான்கள் யாரும் இப்போது இல்லை. பிழை பார்க்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. சோதனைக்குத் தன் வீட்டு வரைபடத்தையே கொடுத்திருந்தாள்: மேசையில் அவள், சமையலறையில் கணவன், மாடியில் காய்ச்சலோடு தூங்கும் மகள். அவள் அனுப்பியது மூன்று பேரின் இடங்களை. அவற்றை வரிசையாக வாங்கிக் கணக்குப் போடும் துணைநிரலோ, நிரலுக்குள் இருக்கும் சின்ன நிரல், நான்கு பேரை எதிர்பார்த்தது. ஃபோர்ட்ரான் இதற்கெல்லாம் லேசில் வாய் திறக்காது. நாலாவது ஆளுக்கு நினைவகத்தில் கிடந்த எதையோ பொறுக்கிக்கொண்டது.

பொறுக்கிய குப்பை கண்டமேனிக்கு அல்லவா விழ வேண்டும்? இது மாடிப்படியின் அடியில் நின்றது.

கணவனிடம் சொன்னாள். பேய்க்கும் சேர்த்துக் காபி போடவா என்று கேட்டுச் சிரித்தான்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. நிரலை மறுபடி ஓட்டினாள். புள்ளி பாதிப் படியில். அவள் முதுகுக்குப் பின்னால் மரப்படி ஒன்று யாருடைய கனத்தையோ தாங்கி மெல்ல முனகி, நெடுநேரம் முனகி, பிறகு அடங்கியது. நனைந்த சாம்பலின் வாடை அறைக்குள் நகர்ந்து வந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இன்னொரு முறை ஓட்டினாள். மகளின் கதவருகே.

துணைநிரல் வாங்கும் நான்கு பேரின் பட்டியலில் அவசரமாக ஒரு பெயரை அழித்தாள். ஓட்டினாள். மூன்றுக்கு மூன்று. பிழை இல்லை என்றது திரை. மேசையில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மகளின் கட்டிலில் ஒன்று. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். கணவன் மருந்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

பிறகுதான் எந்தப் பெயரை அழித்தோம் என்று பார்த்தாள்.

நாலாவது அல்ல. மூன்றாவது. மகளுடையது.

ஃபோர்ட்ரான் பெயரைப் பார்க்காது. வரிசையை மட்டும்தான் பார்க்கும். மூன்றாவதாக அவள் அனுப்பிய கட்டிலை நாலாவது வாங்கிக்கொண்டது. மகளுக்கு இடமே இல்லை.

"காய்ச்சல் சுத்தமா விட்டுடுச்சு," என்றபடி கணவன் படியிறங்கி வந்தான். "தொட்டுப் பாரேன், எப்படிச் சில்லுனு இருக்கா."

அவன் தோளில் மகளின் முகம். மகளின் கவுன். கண் இமைக்கவில்லை. மாடியைப் பார்த்து மகளைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது.

அது இரண்டு கைகளையும் நீட்டியது.

"தூக்கு."

கணவன் சிரித்துக்கொண்டே அதை அவள் மடியில் உட்கார வைத்தான்.