புரளாத தகடு

காலைக் காற்றுமணி அடித்ததும் மரியபுஷ்பம் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். கடலுக்கடியில் பன்னிரண்டு அறைகள், நாற்பது பேர், மூடி ஒன்பது ஆண்டான மேல்கதவு. அவ்வளவுதான் ஊர். அறைக்கொரு விசிறி, விசிறிக்கு மாதம் ஒரு தகடு. இந்த மாதம் ஏழாம் அறைக்கு அவள் முறை.

தகடுகளின் காந்தத்தில் மேலே விட்டுவந்தவர்களின் குரல்கள் பதிந்திருந்தன. திருப்பு எந்திரம் அந்தக் காந்தமுனைகளை எல்லாம் ஒரே பக்கமாகப் புரட்டும். புரளும்போதுதான் எலக்ட்ரான்களின் தற்சுழல் பக்கத்து உலோகப் படலத்துக்குப் பாய்ந்து மின்னோட்டமாகும். படித்தவர்கள் அதை ‘ஸ்பின் பம்பிங்’ என்றார்கள், ஊர் தற்சுழல் இறைப்பு என்றது. புரண்டு முடிந்த தகட்டில் குரலும் இராது, மின்சாரமும் வராது. கொடுக்கும் தகட்டைக் கடைசியாக ஒருமுறை கேட்கக் கூடாதென்பது வழக்கம். கேட்டவர் யாரும் கொடுத்ததில்லை.

புஷ்பத்திடம் மிச்சம் ஒரே தகடு. உலோகம் தேடி மேலே போன அன்று கணவன் கஸ்பார் பேசியது. அதைக் கொடுக்க மனம் ஒப்பாமல், குப்பையில் கிடந்த, புரண்டு முடிந்த பழைய தகடு ஒன்றை நீட்டினாள். எந்திரக்காரன் சூசை ஒன்றும் கேட்காமல் வாங்கிப் போட்டான். தகட்டைப் போட்டுக் கேட்டுப் பார்க்காத நல்ல வழக்கம், கள்ளிக்குத்தான் வசதி.

சற்று நேரத்தில் ஏழாம் அறை விசிறி நின்றது. விசிறி நின்றால், கெட்ட காற்று மற்ற அறைகளுக்குப் பரவாதிருக்க அறைக்கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளே சூசையின் மனைவி ஜெசிந்தா, நிறைமாதம்.

“ஐயோ, யாரு தகடு இது? ஒண்ணுமே பொரளலியே!” சூசை அலறினான்.

“என்னங்க... மூச்சு முட்டுது,” கதவுக்குப் பின்னாலிருந்து ஜெசிந்தா தட்டினாள்.

சுற்றி நின்றவர்கள் வீட்டிலும் ஒன்றிரண்டு தகடு மிச்சம் இருக்கும். ஒருவரும் எடுத்துவர நகரவில்லை. தட்டும் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது.

“சூசை, என்னைய மன்னிச்சிருப்பா. அது நாந்தான்.” மடியிலிருந்த தகட்டை எடுத்து நீட்டினாள். “இதப் போடு.”

அது யார் குரலென்று அவனுக்குத் தெரியும். “அக்கா... ஒரு தரம் கேட்டுட்டுத் தாங்க. வழக்கம் கெடக்கு.”

“கேட்டா தரமாட்டேன். சீக்கிரம் போடு!”

எந்திரம் உறுமியது. விசிறி சுற்றியது, கதவு திறந்தது. ஜெசிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். சூசை அவளைத் தாங்கிக்கொண்டு அழுதான்.

‘தாப்பாள் போட்டுராத புஷ்பம், நா வந்துருதேன்.’ தகட்டிலிருந்த கஸ்பாரின் வார்த்தைகள் அவளுக்கு மனப்பாடம். தண்ணீர் ஏறிய அன்று, அவன் திரும்புமுன் மேல்கதவின் தாழ்ப்பாளைப் போட்டதும் அவள் கைதான். ஒன்பது ஆண்டாக அந்தக் குரலிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். இனி யாரிடம் கேட்பாள்?

ஏழாம் அறையிலிருந்து வந்த காற்று அவள் முகத்தில் பட்டது. அதை உள்ளே இழுத்தாள். வெளியே விட மனம் வராமல், முடிந்த மட்டும் அடக்கி வைத்திருந்தாள்.