நீலக் கள்ளி ரசிகர்கள் ஏழு பேர்

போன் அடித்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் எடை எழுதிக்கொண்டிருந்த அறிவுச்செல்வன் பேனாவை மூடிவிட்டு எடுத்தான்.

"விழுப்புரத்துலருந்து இன்ஸ்பெக்டர் இருதயமேரி பேசறேன். கோதண்டபாணின்னு ஒருத்தரத் தெரியுமா?"

"தெரியும் மேடம். போன்ல பழக்கம்."

"இறந்துட்டாரு. கடைசியா உங்களுக்குத்தான் போன் போட்டிருக்காரு... கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

மண்டியில் சொல்லிவிட்டு பஸ் ஏறினான். இறந்தது யார், சொந்தமா என்று கேட்டார்கள். தெரிந்தவர் என்றான். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அறிவுச்செல்வனுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. ஒரு நாளைக்கு நூறு பேரிடம் பேசுவான்... எல்லாம் மூட்டைக் கணக்கு.

அவனுக்கென்று இருந்தது நீலக் கள்ளி மட்டும்தான்.

தொண்ணூறுகளில் புதுச்சேரியில் 'உப்புமூட்டை' என்று ஒரு ராக் குழு கல்லூரி விழாக்களை அதிரவைத்துக்கொண்டிருந்தது. அதில் இரண்டு பேர் மட்டும் தனியாகக் கிளம்பி, இரும்பை கிராமத்துப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் மூன்று மாதம் அடைந்து கிடந்து, வேறு மாதிரி ஒன்றைப் பதிவு செய்தார்கள். ஜுரத்தில் காணும் கனவு மாதிரியான இசை. குரல் பின்னோக்கி ஓடும். கிட்டார் எங்கோ தண்ணீருக்குள் கேட்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் நீலக் கள்ளி. நாற்பது கேசட் போட்டார்கள். அத்தோடு சரி.

அந்த நாற்பதைத் தேடுகிறவர்களுக்காக நான்கு வருடம் முன்பு கோதண்டபாணி ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார். ஏழு பேர்.

ஏழு பேருக்கு அது போதுமானதாக இருந்தது. கடைசிப் பாட்டு முடியும்போது கேட்கிற சத்தம் தவளையா, கீபோர்டா என்று மூன்று வாரம் சண்டை நடந்தது. காணை என்கிற ஊரிலிருந்து வல்லரசு தவளை என்று சத்தியம் பண்ணினான். கலைப்பிரியா கீபோர்டு என்றாள். அறிவுச்செல்வன் கலைப்பிரியா பக்கம் நின்றான்.

அதன் பிறகு அவள் அவனுக்குத் தனியாக எழுத ஆரம்பித்தாள். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு வரி.

எழுந்தாச்சா?

நான்கு வருடமாக அவன் அந்த வரிக்குத்தான் எழுந்தான்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் கான்ஸ்டபிள் நடராசன் பைக்கோடு காத்திருந்தார். காலையிலிருந்து அவர் ஜி.எச்.சில் பிணத்தோடு இருந்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தார். போகிற வழியில் விஷயத்தைச் சொன்னார். போஸ்ட் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர்டு ஆன மனுஷன். தனி ஆள். செத்து இரண்டு நாள் ஆகியிருக்கிறது. பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. பின்மண்டையில் அடி. ஸ்பீக்கர் பெட்டியின் முனையில் ரத்தம்.

வீட்டில் இருதயமேரி தனியாக உட்கார்ந்திருந்தார். சுவர் முழுக்க கேசட்டுகள்.

"இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

விரோதிகள் உண்டா என்று கேட்டார். அறிவுச்செல்வன் தயங்கித் தயங்கிச் சொன்னான். நீலக் கள்ளியின் ஒத்திகை டேப் ஒன்று கோதண்டபாணியிடம் இருந்தது. உலகத்தில் அந்த ஒன்றுதான். குரூப்பில் எல்லாருக்கும் அதன் மேல் கண். போன மாதம் வல்லரசு போட்ட மெசேஜை எடுத்துக் காட்டினான்.

'தரலன்னா ஒருநாள் தூக்கிக்கினு வந்துடுவேன் பாரு.'

இருதயமேரி படித்துவிட்டுத் தலையாட்டினார்.

"டேப் எங்கயும் போகல. அதோ, மிஷின்லயே இருக்கு... சரி, குரூப்ல ஒரு மெசேஜ் போடுங்க. கோதண்டபாணி இறந்துட்டாருன்னு. யாரு இன்னா சொல்றாங்கன்னு பாக்கலாம்."

அவன் டைப் செய்தான். அனுப்பினான்.

உள்ளறையில் ஒரு டிங்.

இன்னொரு டிங்.

இன்னொன்று... இன்னொன்று...

ஆறு!

நடராசன் உள்ளே பாய்ந்தார். கட்டிலில் வரிசையாக ஆறு போன்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் ஒரு பெயர். கோதண்டபாணி. வல்லரசு. கலைப்பிரியா. விருத்தாசலம்...

"மேடம், ஆறு பேரும் இந்த ஆளேவா?"

"காலையில மேஜை மேல பாத்தப்ப எனக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான்தான் எடுத்து உள்ள வச்சேன்." இருதயமேரி அறிவுச்செல்வனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீங்க மட்டும் தலையக்கூடத் திருப்பல சார்."

அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும். எப்ப தெரிஞ்சிது?"

அவன் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான்.

"ஞாயித்துக்கெழமை மத்தியானம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். கூப்பிட்டது கோதண்டபாணிதான். டீ போட்டுக் கொடுத்தார். யாருக்கும் போட்டுக் காட்டாத டேப்பை ஓடவிட்டார். ஆறு போனையும் எடுத்து வந்து மேஜையில் பரப்பினார். குரூப் ஆரம்பித்தபோது யாருமே சேரவில்லையாம். ஆளில்லாத குரூப்பில் யார் சேருவார்கள் என்று ஐந்து பேரை அவரே உண்டாக்கினாராம். உண்மையில் வந்து சேர்ந்தது அறிவுச்செல்வன் ஒருவன்தான். அவனும் போய்விடுவானோ என்ற பயத்தில் ஆறு பேராகவே காலத்தை ஓட்டிவிட்டார். வயதாகிவிட்டது, இனி முடியவில்லை, மன்னித்துவிடு என்று அழுதார்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன் மேடம். கலைப்பிரியா யாருன்னு. அவரு அந்தப் போன எடுத்து என் கையில குடுத்தாரு."

"அப்புறம்?" என்றார் இருதயமேரி.

"புடிச்சித் தள்ளிட்டேன். அவ்ளோதான். அவரு எழுந்திருக்கல. பாட்டு மட்டும் ஓடிக்கினே இருந்துச்சு."

அவன் மிஷினில் இருந்த டேப்பைப் பார்த்தான்.

"மறுநாள் ஆறு மணிக்குப் போன எடுத்துப் பாத்தேன் மேடம். தெரிஞ்சும் பாத்தேன்."

நடராசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருதயமேரி ஒரு காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். கைது என்றால் வேண்டியவர் யாருக்காவது தகவல் சொல்லியாக வேண்டும், அது சட்டம் என்றார். அப்பா, அம்மா இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை. கூடப் பிறந்தவர்கள்? இல்லை.

"சிநேகிதங்க யாராவது இருப்பாங்கள்ல சார்? யாருக்குத்தான் சொல்றது?"

அறிவுச்செல்வன் யோசித்தான்.

"குரூப்ல போட்டுடுங்க மேடம்."