இடது காலணி

ஜானெலின் இடது காலணி முனையில் மட்டும் தேய்ந்திருந்தது.

ராய்கான் அதைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடக்கத் தொடங்கிய குழந்தையின் காலணி அப்படித் தேயாது. கைகளைத் தூக்கி, கால்களை அகட்டி, பாதம் முழுவதையும் ஒரே நேரத்தில் பதித்துத்தான் குழந்தைகள் நடக்கும். அடிப்பகுதி எங்கும் சமமாகத் தேயும். முனை மட்டும் தேய வேண்டுமானால் பாதம் எழும்பாமல் இழுபட வேண்டும். மருத்துவமனையில் நடைப்பயிற்சி தருபவளான அவளுக்கு இதில் சந்தேகமே வராது.

அடுத்த அறையில் ஜானெல் நடந்துகொண்டிருந்தாள். தப். பிறகு, சர்ர்ர்.

கைகள் பக்கவாட்டில் தொங்கின. களைத்த பெரியவர்களின் கைகளைப் போல.

இடுப்பெலும்பில் கோளாறில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கணவன் தால்கத் சிரித்தான். "ஆஸ்பத்திரியை வீட்டுக்குத் தூக்கிட்டு வராத. எம் பொண்ணு ஸ்டைலா நடக்குறா."

அல்மாட்டியின் ஓரத்தில், மலையடிவாரத்தில் இருந்த அந்தக் குடியிருப்பைக் குழந்தைக்காகத்தான் வாங்கினார்கள். உள்ளே கார்கள் வராது. எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னல்களும் பூங்காவைப் பார்த்தே இருக்கும். அடுப்பை விட்டு நகராமலே பிள்ளைகளைக் கவனிக்கலாம். ஊஞ்சல்களுக்குக் கீழே ரப்பர் தரை. மேலே இறுக்கமான தோல், அடியில் தளர்வான துகள்கள். விழும் குழந்தையின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். காலடிச் சத்தத்தையும். அதற்கப்பால் புல்வெளி, அதற்கப்பால் படகுக் குளம்.

அந்தப் புல்வெளியில்தான் ஜானெலுக்குக் கயிறு அறுத்தார்கள். கசாக் வழக்கப்படி, முதலடி வைக்கும் பிள்ளையின் கணுக்கால்களைக் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கம்பளிக் கயிற்றால் தளர்வாகக் கட்டி, நல்ல நடையும் நல்ல வாழ்வும் உள்ள ஒருவரைக் கொண்டு அறுக்கச் சொல்வார்கள். அறுப்பவரின் நடை பிள்ளைக்கு வரும். அதனால்தான் ராய்கான் தன்னோடு வேலை பார்க்கும் சவுலெயைக் கேட்டிருந்தாள். சவுலெ மாரத்தான் ஓடுபவள், சிரித்துக்கொண்டே ஓடுபவள்.

அன்று சவுலெ போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டாள். பிள்ளை சிணுங்கியது. அப்போது சாம்பல் நிற மேலங்கி அணிந்த ஒரு பெண் விருந்தினர் நடுவிலிருந்து குனிந்து, தன் கைக்குள்ளிருந்த சின்னக் கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். பரிசாக நீட்டிய சால்வையை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "நான் பக்கத்துலதாம்மா இருக்கேன்," என்றாள். அங்கியின் ஓரம் நனைந்திருந்தது. புல்லுக்கு நீர் தெளித்திருப்பார்கள் என்று ராய்கான் நினைத்துக்கொண்டாள். விருந்துக்காகத் தெளிப்பான்களை நிறுத்தச் சொன்னதே தான்தான் என்பது நேற்றுதான் நினைவுக்கு வந்தது.

நேற்று தால்கத்திடம் கேட்டாள். அன்று கயிறு அறுத்த உங்கள் அத்தைக்கு என்ன வயது என்று.

"எந்த அத்தை? உங்க பக்கத்து ஆளுன்னுதானே ரெண்டாந் தட்டு கறி வெச்சேன். அவங்க தொடவே இல்ல."

விருந்துக்கு வந்தவரிடம் நீங்கள் யார் என்று கேட்பது அவமானம். அதனால் யாருமே கேட்கவில்லை.

கைபேசியில் அன்றைய விருந்தின் காணொளியைப் போட்டாள். ஓரத்தில் அந்தப் பெண் குளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். தப். பிறகு, இடது காலை இழுத்து.

இன்று ராய்கான் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மறுபடி கட்டி, சரியான ஆளைக் கொண்டு மறுபடி அறுப்பது. தூக்கி எறியாமல் வைத்திருந்த பழைய கயிற்றை முடிச்சுப் போட்டு இணைத்தாள். ஜானெலைக் கம்பளத்தில் உட்காரவைத்துக் கணுக்கால்களில் கட்டினாள். குழந்தை அழவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது.

சவுலெ தொலைபேசியில் கிண்டலடித்தாள். "வரேன்டி, வரேன். இந்தத் தடவை ஓடியே வந்துடறேன். கதவைத் திறந்து வை."

ராய்கான் கதவைத் திறந்து வைத்தாள்.

வெளியே மாலை மங்கிக்கொண்டிருந்தது. ஊஞ்சல்கள் கிறீச்சிட்டன. யாரோ பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அடுப்பில் தேநீர்த் தண்ணீர் முனகியது. அதை இறக்கத் திரும்பியபோது குளத்துப் பாசியின் வாசனை வீட்டுக்குள் வந்தது.

"சவுலெ? உள்ள வா."



தப்.

சர்ர்ர்.

பாத்திரம் கையிலிருந்து நழுவியது. ஓடினாள். கம்பளத்தில் ஈரம். குழந்தை இல்லை. கயிறும் இல்லை. வாசற்கதவு அகலத் திறந்திருந்தது.

படிகள். முற்றம். ரப்பர் தரை.

புல்வெளிக்கு அப்பால் இருவர். உயரமான சாம்பல் அங்கி. அதன் கையைப் பிடித்தபடி ஒரு சின்ன உருவம். இருவரும் ஒரே நேரத்தில் வலது காலை வைத்தார்கள். ஒரே நேரத்தில் இடது காலை இழுத்தார்கள். ஊஞ்சலாட்டிக்கொண்டிருந்த ஒரு தகப்பன் அவர்களைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

"ஜானெல்!"

ஓட முயன்றாள். விழுந்தாள். தரை சத்தமே இல்லாமல் அவளை வாங்கிக்கொண்டது.

எழ முடியவில்லை. குனிந்து பார்த்தாள்.

அவளுடைய இரண்டு கணுக்கால்களும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. கறுப்பும் வெள்ளையும். ஈரமாக. நடுவில், அவளே போட்ட முடிச்சு.

குளத்தின் விளிம்பில் சின்ன உருவம் நின்றது. திரும்பி, அவளுக்குக் கையசைத்தது.

பிறகு, தண்ணீருக்குள், தப்.